பதினான்கு அடிக் கழி

ஹோயட் புரூயிட்டைப் புதைத்துப் பதினெட்டு நாள் ஆனபோது, அவர் பெயர் போட்ட டி-சர்ட் ஒன்று ஊர் மீன்பிடிச் சங்கத்திலிருந்து தபாலில் வந்தது. முதுகுப்பக்கம் ஒரு பாஸ் மீன் வாயைப் பிளந்துகொண்டு துள்ளியது. அதற்கு மேலே அரைவட்டமாக, 'ஹோயட் புரூயிட் நினைவு மீன்பிடிப் போட்டி'. கீழே ஏரியின் பெயர், ஹாட்சர். தேதி, ஏப்ரல் இருபது. கூடவே விதிகள் அச்சடித்த ஒரு தாள்.

மகள் மார்லா டி-சர்ட்டை மடித்து வைத்துவிட்டு விதிகளைப் படித்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கும் வேலை. எந்தக் காகிதம் வந்தாலும் அவள் கண் எண்களைத்தான் தேடும். நான்காவது விதியில் எண் இருந்தது. தூண்டில் கோல் எட்டு அடிக்கு மேல் இருக்கக் கூடாது.

அப்பாவின் கழி கொட்டகைச் சுவரில் நான்கு ஆணிகள்மேல் கிடந்தது. இறக்கி அளந்தாள். பதினான்கு அடி, ஒன்றேகால் அங்குலம்.

மருத்துவமனையில் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது இதைப் பற்றித்தான்.

"நான் போனதும் சங்கத்துக்காரனுங்க என் பேர்ல ஏதாவது நடத்துவானுங்க. நாப்பது வருஷமா என் கழியை உள்ள விடல. செத்ததும் பேரை மட்டும் எடுத்துக்குவானுங்க. கழி உள்ள வந்தாத்தான் பேரு. இல்லன்னா அழிக்கச் சொல்லு. சத்தியம் பண்ணு."

மார்லா சத்தியம் செய்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கழியில் நூல் சுற்றும் சக்கரம் கிடையாது. மூங்கில். நுனியில் எட்டு அங்குல நீளத்தில் ஒரு தடித்த நூல், நூலின் முனையில் இறகு கட்டிய பெரிய தூண்டில் முள், முள்ளில் உப்புநீரில் ஊறிய பன்றித்தோல் துண்டு. அவ்வளவுதான். வசந்தத்தில் அணை நிரம்பி ஏரி கரையேறும்போது, கரையோரப் புதர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும். பாஸ் மீன் அதற்குள் போய் ஒளியும். நூலை வீசி எறிந்தால் கிளையில் சிக்கும். கழியை நீட்டி உள்ளே விட்டால் சிக்காது. நுனியால் தண்ணீரைத் தட்டித் தட்டி, இரையைப் புதரின் தண்டுகளுக்கு நடுவே சுற்றிவர விடுவார்கள். ஊரில் அதற்குத் துழாவல் என்று பெயர். மீன் கவ்வியதும் கழியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பின்னால் இழுத்து மீனைப் படகுக்குள் போட வேண்டும். விளையாட்டுக் காட்ட நேரமில்லை.

துழாவலுக்கு இரண்டு பேர் வேண்டும். படகின் முன்பலகையில் கழியோடு ஒருவர். பின்பலகையில் இன்னொருவர், ஒற்றைக் கையால், துடுப்பைத் தண்ணீரைவிட்டு எடுக்காமல், சத்தமில்லாமல் தள்ளி, கழி எட்டுகிற தூரத்தில் படகைப் பிடித்து நிறுத்த வேண்டும். பின்பலகைக்காரர் படகை ஓர் அடி தள்ளி நிறுத்தினால் முன்பலகைக்காரர் கையில் இருப்பது வெறும் மூங்கில். ஆனால் கோப்பையில் ஒரு பெயர்தான் பொறிப்பார்கள்.

ஹோயட் பிறந்த வீடு அந்த ஏரிக்கு அடியில் இருக்கிறது. அவருக்கு ஏழு வயதானபோது அணை கட்டினார்கள். அவர் அப்பாவின் சோளக்காடு, வேலிக் கம்புகள், தபால் பெட்டி நின்ற கம்பம் எல்லாம் தண்ணீருக்குள் போயின. வளர்ந்த பிறகு களிமண் வெட்டியெடுக்கும் குழியில் இயந்திரம் பழுது பார்த்தார். சனி ஞாயிறானால் மூழ்கின காட்டின்மேல் படகில் நின்றார். எந்த இடத்தில் வேலி திரும்புகிறது, எந்த மூலையில் பள்ளம் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். 1968 முதல் 1979 வரை போட்டிகளில் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. அவர் மனைவி நடீன், "நீ அந்தத் தண்ணியவே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அந்த வாரமும் ஹோயட் ஜெயித்தார்.

அந்தப் பதினோரு வருடமும் பின்பலகையில் இருந்தவர் கார்வின் சில்ஸ்.

எழுபத்தொன்பது மார்ச்சில் சங்கம் எட்டடி விதியைக் கொண்டுவந்தது. மார்லா சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை அது. அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். "பொறாமை. வேறென்ன? எட்டுக் கை தூக்குனாங்க, ஏழு கை எதிர்த்துச்சு. அந்த எட்டாவது கை யாரோடது தெரியுமா? கார்வினோடது. என் சாப்பாட்டுப் பெட்டியில கைவிட்டுத் தின்ன கை."

அதோடு துழாவல் போட்டிகளிலிருந்து போயிற்று. போட்டியில் இல்லாததை இளசுகள் பழகுவார்களா? சில வருடத்தில் ஏழரை அடிக் கோலில் சக்கரம் மாட்டி அதே வேலையைச் செய்து, வேறு பெயரும் வைத்துக்கொண்டார்கள். பன்றித்தோல் போய் ரப்பர்ப் புழு வந்தது. கார்வின் அந்தக் குட்டைக் கோலில் ஆறு கோப்பை வாங்கினார். ஹோயட் சங்கத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது கார்வினுக்கு எழுபத்தெட்டு வயது. அவர்தான் சங்கத் தலைவர்.

*

சங்கக் கூட்டம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, மீன் வறுவல் கடையில். மார்லா இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தாள். கழியின் நீளம், நூலின் நீளம், மொத்த எட்டும் தூரம், வீசி எறியும் நூல் எட்டும் தூரத்தோடு ஒப்பீடு. பதினான்கு அடிக் கழியால் யாருக்கும் அநியாய லாபம் இல்லை என்று எண்களோடு நிரூபித்திருந்தாள்.

அவள் எழுந்து, "நாலாவது விதியை அந்த ஒரு நாளைக்குத் தளர்த்தணும். இல்லன்னா அப்பா பேரை எடுத்துடுங்க" என்றாள்.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கோல்பி என்ற முப்பது வயதுக்காரன் சோளமாவு உருண்டையை மென்றுகொண்டே, "கழியா? நெசமாவே மூங்கில் கழியா?" என்றான்.

"ஆமா."

"கொண்டாங்க, கொண்டாங்க. எம் படகுல இருக்கிற சோனார் திரையில அறுபது அடி தள்ளி இருக்கிற மீன் இமைக்கிறதுகூடத் தெரியும். நீங்க கொடிக்கம்பமே நட்டாலும் எனக்குக் கவலையில்ல."

"மீனுக்கு இமை ஏதுடா, மடையா" என்றார் பக்கத்தில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

கார்வின் சிரிக்கவில்லை. "ஆதரிக்கிறவங்க" என்றார். அத்தனை கையும் உயர்ந்தன. பரிமாறுகிற பெண் அடுத்த மேசையில் டீ ஊற்றி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. எழுதிவந்த இரண்டு பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

மார்லா உட்கார்ந்தாள். தோற்றிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. நாற்பது வருடம் அப்பாவின் நெஞ்சில் ஆணியாக இறங்கியிருந்த விதியை, உருண்டை மெல்லுகிற வாயோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அந்தக் கழியைக் கண்டு பயப்பட அங்கே ஒருவரும் மிச்சமில்லை.

வாசலில் அவள் தன் வண்டிக் கதவைத் திறக்கும்போது கார்வின் பின்னால் வந்தார். கோடு விழுந்த கழுத்து, இடது கையில் தொப்பி.

"கழி யார் கையில இருக்கும்?"

"என் கையில."

"துடுப்பு?"

"ஆள் தேடணும்."

"மின்சார மோட்டார் வெச்சுப் போயிடலாம்னு நெனைக்காத, பொண்ணே. அந்தப் புதர்வேர்ல பத்தே நிமிஷத்துல சுத்திக்கும்."

"தெரியும், மிஸ்டர் கார்வின். நான் அந்தப் பின்பலகையில மூணு வருஷம் இருந்தவ."

அவர் தொப்பியைக் கையில் திருப்பினார். "பாதி நாள் எனக்குக் கொடு. பன்னெண்டு மணி வரைக்கும் முன்பலகை எனக்கு. அப்புறம் உனக்கு, நான் தள்ளுறேன்."

மார்லா வண்டிக் கதவைச் சாத்தினாள். "எழுபத்தொம்பதுல கை தூக்குனவர் நீங்க."

"தூக்குனேன்."

"இப்ப அந்தக் கழியவே கேக்குறீங்க."

"அன்னிக்கு ரெண்டு தடவை கை தூக்குனோம். உங்கப்பன் ஒண்ணைத்தான் சொல்லியிருப்பான்." அவர் தன் வண்டிக்குப் போய், தலைவர் என்ற முறையில் அவரிடம் இருந்த பழைய கூட்டக் குறிப்பேட்டை எடுத்துவந்து வண்டியின் மூக்கின்மேல் வைத்தார். "நீ அளந்து பாக்குறவ. என் வாயை நம்ப வேண்டாம்."

மார்ச் பன்னிரண்டு, 1979. நீல மசி. முதல் தீர்மானம், கொண்டுவந்தவர் கா. சில்ஸ்: ஒரு படகில் இருவர் இருந்தால் முன்பலகை நண்பகல் வரை ஒருவருக்கு, பிறகு மற்றவருக்கு. ஆதரவு ஏழு. எதிர்ப்பு எட்டு. எதிர்த்தவர்களின் பெயர்கள் வரிசையாக. எட்டாவது பெயர் ஹோ. புரூயிட். அதற்குக் கீழேதான் இரண்டாவது தீர்மானம், எட்டடி விதி. ஆதரவு எட்டு. எட்டாவது பெயர் கா. சில்ஸ்.

"அத்தனை பேருக்கும் முன்னால கேட்டேன்" என்றார் கார்வின். "ஹோயட், பாதி நாள் விடுடான்னேன். 'இது எங்கப்பன் காடுடா, கழியை வேணா வெட்டுங்க, முன்பலகையை விடமாட்டேன்'னான். வெட்டுனோம்."

மார்லா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். அப்பா சொன்ன எண்கள் சரிதான். எட்டுக்கு ஏழு. முதல் எட்டை மட்டும் விட்டுவிட்டார்.

பொய் என்று மறுக்க அவளால் முடியவில்லை. ஏனென்றால் அந்த மூன்று வருடம் அவளுக்கு நினைவிருந்தது. கார்வின் போன பிறகு, அவளுடைய பதினாறு வயதில், அப்பா அவளைப் பின்பலகையில் உட்காரவைத்தார். போட்டி இல்லை, கோப்பை இல்லை, இவர்கள் இருவர் மட்டும். ஒரு தடவை கேட்டாள், "அப்பா, நான் கொஞ்சம் பிடிக்கட்டுமா?" "இன்னும் ஒரே ஒரு புதர்" என்றார். அந்தப் புதர் முடிந்தது, அடுத்தது வந்தது. மூன்று வருடம் ஒரே ஒரு புதராகவே போயிற்று. பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்துப் போய்விட்டாள். சவப்பெட்டியில் அவர் முகத்தைப் பார்த்தபோது ஏன் அவ்வளவு அந்நியமாக இருந்தது என்று இப்போது புரிந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது அவர் பிடரிதான். அங்கே ஒரு மச்சம். வெயிலில் உரியும் தோல். கழியைச் சுழற்றும்போது இறுகும் இரண்டு நரம்பு.

குறிப்பேட்டை மூடித் தந்தாள். "பன்னெண்டு மணி வரைக்கும்" என்றாள். "ஒரு நிமிஷம் கூடாது."

"ஒரு நிமிஷம் கூடாது" என்றார் கார்வின்.

*

போட்டிக்கு முந்தின நாள் கழியைத் துடைத்தாள். நுனித் தூண்டிலில் பன்றித்தோல் துண்டு அப்படியே இருந்தது. கல்லாகக் காய்ந்து, முள்ளோடு ஒட்டி, உப்பில் முள் துருப்பிடித்து. அப்பா ஒரு நாளும் அப்படி விடமாட்டார். ஒவ்வொரு தடவையும் தோலைக் கழற்றிச் சீசாவில் போட்ட பிறகுதான் பூட்ஸைக் கழற்றுவார். போன அக்டோபரில் கடைசியாக ஏரிக்குப் போனவர் அதை மறந்திருக்கிறார். நோய் பிடித்தது மருத்துவர் சொன்ன ஜனவரியில் இல்லை, அப்போதே. தொலைபேசியில் ஞாயிறுதோறும், "நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அவளும் அதை அளந்து பார்க்கவில்லை.

துருப்பிடித்த முள்ளைக் குறட்டால் வெட்டி எறிந்தாள். குளிர்பெட்டிக் கதவில் பச்சை மூடி போட்ட சீசா ஒன்று இருந்தது. இப்போது கடைகளில் கிடைக்காத பொருள். உள்ளே ஒன்பது பன்றித்தோல் துண்டு. ஒன்றை எடுத்துப் புது முள்ளில் மாட்டினாள்.

காலை ஏழு மணிக்கு முப்பத்தொரு படகுகள் உறுமிக்கொண்டு கிளம்பின. அலை அடங்கிய பிறகு, அப்பாவின் தகரப் படகு வடக்கு மூலைக்குத் துடுப்பில் ஊர்ந்தது. முன்னால் கார்வின். பின்னால் மார்லா. அவள் கைக்கு வேலை மறக்கவில்லை.

கார்வின் கழியை மெதுவாகத்தான் தூக்கினார். ஆனால் அவருக்கு வித்தை தெரிந்தது. பதினோரு வருடம் பின்னாலிருந்து பார்த்தே கற்றிருந்தார். நுனியால் இரண்டு தட்டு, ஒரு சுற்று, ஒரு நிறுத்தம். அப்பாவின் அதே கணக்கு. எட்டரை மணிக்கு ஒன்று கவ்வி நழுவியது. பத்து மணிக்கு ஒரு சின்ன மீன், ஒன்றரைப் பவுண்டு இருக்கும், படகுக்குள் வந்து விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

"அழுறீங்களா, மிஸ்டர் கார்வின்?"

"வெயிலு. நீ தள்ளு."

பன்னிரண்டு மணிக்கு அணைப்பக்கம் சங்கு ஊதியது.

மார்லா துடுப்பை நிறுத்தவில்லை. அவரே திரும்பட்டும் என்று காத்தாள். அவர் திரும்பவில்லை. முன்னால் இருந்த புதரைக் கழியால் காட்டி, "இன்னும் ஒரே ஒரு புதர்" என்றார்.

அவள் கை துடுப்பில் இறுகியது. தள்ளினாள். அந்தப் புதர் முடிந்தது. ஒன்றுமில்லை.

"அதோ, அதை மட்டும்."

அதையும் தள்ளினாள். பன்னிரண்டு இருபது.

மூன்றாவது, காட்டின் மூலைப் புதர். அடியில் தபால் பெட்டிக் கம்பம் நிற்கிற இடம். அதில் மீன் இல்லாத ஏப்ரலை அப்பா பார்த்ததில்லை. படகு நெருங்கும்போதே புதருக்குள் தண்ணீர் புரண்டது. வாளியைக் கவிழ்த்ததுபோல் ஒரு சத்தம். ஐந்து பவுண்டுக்குக் குறையாது. கார்வின் முழங்காலில் எழுந்து கழியை முழுக்க நீட்டினார். நுனி புதரின் விளிம்புக்கு முன்னால் நின்றது.

"இன்னும் கொஞ்சம். ஓர் அடி. ஓர் அடி போதும்."

மார்லா துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். மடியின் குறுக்கே வைத்தாள். துடுப்பிலிருந்து தண்ணீர் அவள் கால்சட்டையில் சொட்டியது.

படகு நின்றது. பிறகு காற்று அதைப் பின்னுக்குத் தள்ள ஆரம்பித்தது. ஓர் அடி, இரண்டடி ஆயிற்று.

"மார்லா."



கார்வின் திரும்பினார். அந்தப் படகில் முன்பலகையிலிருந்து ஒருவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் பார்வை துடுப்பில் நின்றது. 

"பதினோரு வருஷம்" என்றார். "அதை எடுத்து மடியில வெச்சா போதும்னு எனக்குத் தோணவே இல்ல."

"எனக்கும்தான்" என்றாள் மார்லா.

அவர் கழியைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே இழுத்து, அடிப்பக்கத்தை அவளை நோக்கி நீட்டினார். "வாங்கிக்கோ. உன் பாதி."

"இடம் மாறுங்க. துடுப்பைப் பிடிங்க."

கார்வின் எழவில்லை. வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கப் பார்த்தார். மார்புவரைகூட வரவில்லை. அப்படியே விழுந்தது. கழியைக் காலையிலிருந்து அவர் இடது கையால் தாங்கியிருந்தார். வலது கை பிடித்துக்கொள்ள மட்டும்தான். பின்னாலிருந்து பார்த்தவளுக்கு அது தெரியவில்லை.

"தோளு போச்சு. போன வருஷமே அறுத்துத் தெச்சாங்க. எல்லாம் துடுப்புப் போட்ட தோளு. இடது கையில துடுப்பு எனக்கு வராது."

"கேட்டப்பவே தெரியும், உங்களால தள்ள முடியாதுன்னு."

"தெரியும்."

"தெரிஞ்சே பாதி நாள்னீங்க."

"உங்கப்பன்கிட்ட நெசமாத்தான் கேட்டேன்" என்றார் கார்வின். "உங்கிட்டதான் பொய் சொன்னேன்."

மார்லா கழியை வாங்கிக்கொண்டாள். நினைத்ததைவிட லேசாக இருந்தது. நடுவில் பிடித்தால் நுனி தானே தாழும், அடியில் அழுத்திப் பிடித்தால் நுனி நிமிரும். அப்பா ஏன் எப்போதும் இடது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தார் என்று அவளுக்கு உடனே விளங்கியது. மூன்று வருடம் பின்னாலிருந்து பார்த்தும் விளங்காதது.

நுனியைப் புதரை நோக்கி நீட்டினாள். எட்டவில்லை. புதருக்குள் மீன் இன்னொரு தடவை புரண்டது. படகு விலகிக்கொண்டே இருந்தது. இரண்டரை அடி. நாலடி. துடுப்பு அவள் மடியிலேயே கிடந்தது.